காதில் சொன்ன பெயர்

பெரம்பலூர் டவுன் பஸ் செட்டிகுளத்தில் அவர்களை இறக்கிவிட்டுப் போனபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சிவரஞ்சனி ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் மகள் மணிமொழியின் விரல்களுமாக நடந்தாள். மலைமேல் முருகன் கோயில் வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. நாய்கள்கூட டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்திருந்தன.

கணவன் பரணிதரன் இறந்து, காரியம் முடிந்த கையோடு மீன்சுருட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள், இப்போதுதான் திரும்புகிறாள். தங்குவதற்காக வரவில்லை. மணிமொழியை அங்கேயே பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. பாத்திரம், துணிமணி, காகிதங்களை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

அவள் உண்மையில் எடுத்துப்போக வந்தது அவனுடைய குரலை.

அவளிடம் அது ஒரு துளிகூட இல்லை. அவன் போன் அவனோடு சேர்ந்தே நசுங்கிப்போனது. அவள் போனில் இடம் பற்றாமல் போகும்போதெல்லாம் வீடியோக்களை அவன்தான் எடுத்துக்கொண்டு போவான். "என்கிட்ட பத்திரமா இருக்கும். உலகமே அழிஞ்சாலும் அழியாத இடத்துல போட்டு வெச்சிருக்கேன்" என்பான். போட்டோக்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. போட்டோவில் அவன் சிரிப்பான். ஆனால் சத்தம் வராது. இரவில் கண்ணை மூடி அவன் குரலை நினைத்துப் பார்ப்பாள். நாளுக்கு நாள் அது அவளிடமிருந்து விலகிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. கொல்லையில் இருந்த வெங்காயப் பட்டறையை யாரும் பிரிக்கவில்லை. அவன் ஆசையாக அறுத்துச் சேமித்த சின்ன வெங்காயம் கம்புகளுக்கும் கீற்றுக்கும் உள்ளேயே அழுகி, நீர் விட்டு, சுவரோரம் கறுப்பாக வழிந்திருந்தது.

"அம்மா, நாறுது" என்றாள் மணிமொழி, மூக்கைப் பொத்திக்கொண்டு. பிறகு என்னவோ தோன்றி, கலகலவென்று சிரித்தாள். சிரிக்கும்போது அவள் இடது கன்னத்தில் குழி விழும். அது அப்படியே அப்பனுடைய கன்னம்.

சிவரஞ்சனி மெயின் சுவிட்சைத் தேடிப் போனாள். போகும்போது அணைத்துவிட்டுப் போனது நன்றாக நினைவிருந்தது.

அது போட்டிருந்தது.

பரணியின் அறையிலிருந்து ஒரு சின்ன மின்விசிறி சுற்றும் சத்தம் வந்தது. மேசைக்குக் கீழே அவனுடைய பழைய கம்ப்யூட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத வீட்டில் அதுமட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு புஷ்பவல்லி அக்கா வந்துதான் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். புஷ்பவல்லி பரணியின் பெரியப்பா வீட்டு மருமகள். சாவி ஒன்று அவளிடமும் உண்டு.

சோறும் குழம்புமாக வந்த புஷ்பவல்லி கையை விரித்தாள். "நானா? ஒங்க வூட்டு வாசல்லயே நான் கால வெக்கல. வெங்காயத்தக்கூட அள்ளிப் போடாம கெடக்குதேன்னு வேலிக்கு அந்தாண்ட நின்னுதான் பாப்பேன்."

பிறகு மணிமொழியை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, குரலைத் தணித்தாள். "புள்ளைய என்ன பேரு சொல்லிக் கூப்புடுற?"

"மணிமொழின்னுதாங்க்கா."

"அதச் சொல்லியே கூப்புடு. காதுப் பேரச் சொல்லிடாத. வருசம் திரும்பட்டும்."

அந்த வீட்டில் அப்படி ஒரு பழக்கம். குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் ஊருக்குச் சொல்ல ஒரு பெயர். அது போக, அப்பன் குழந்தையின் காதில் மட்டும் மூன்று முறை சொல்லும் பெயர் ஒன்று. எதிலும் அதை எழுத மாட்டார்கள். வீட்டுக்குள் கொஞ்சும்போது மட்டும் சொல்வார்கள். பெயர் வைத்த அப்பன் செத்துப்போனால் ஒரு வருடம் வரை அதை யாரும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால், கொடுத்தவன் போகிற வழியில் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள்.

மணிமொழிக்குப் பரணி வைத்த பெயர் இந்தக் கதையில் வராது.

கல்யாணமான புதிதில் இதை அவன் சொன்னபோது சிவரஞ்சனி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப எனக்கு?" என்று கேட்டாள். அவன் விளக்கை அணைத்துவிட்டு, அவள் காதோரம் வந்து, மூன்று முறை ஒரு பெயரைச் சொன்னான். "இப்பதான் நீ எங்க வூட்டு ஆளு" என்றான். அந்தப் பெயரும் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தது.

மறுநாள் காலையில் பரணியின் தம்பி முத்தமிழ்செல்வன் பைக்கில் வந்தான். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். அவள் கேட்டுத்தான் லீவு போட்டு வந்திருந்தான்.

"பத்திரமா வெச்சிருக்கேன்னு சொன்னாரே தம்பி. எங்க வெச்சாரு?"

அண்ணனின் நாற்காலியில் உட்காரத் தயங்கிய முத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். பிரவுசரைத் திறந்தான். வெள்ளைப் பக்கம் ஒன்று விரிந்தது. சிவரஞ்சனிக்கு அது பழகிய பக்கம்தான். அடுப்படியில் நிற்கும்போதும் வயலில் தண்ணீர் பாய்ச்சும்போதும் பரணி போனில் அதைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பான். "ஒங்க சின்ன வூடு என்ன சொல்லுது?" என்று அவள் சீண்டுவாள்.

"நியூஸ்குரூப்புன்னு ஒண்ணு இருக்கு அண்ணி. இப்ப நாம பாக்குற நெட்டுக்கெல்லாம் முந்தினது. பெரிய ஃபைல ஆயிரம் துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கடுதாசி மாதிரி உலகம் பூரா இருக்குற சர்வர்ல ஒட்டி வெச்சுருவாங்க. இந்தப் பக்கம் என்ன பண்ணும்னா, அதையெல்லாம் தேடிக் கூட்டியாந்து சேக்கும். ஒண்ணு ரெண்டு துண்டு தொலைஞ்சு போயிருந்தா, கூடவே ஒட்டி வெச்ச உபரித் துண்ட வெச்சு, தொலைஞ்சது எப்படி இருந்திருக்கும்னு கணக்குப் போட்டு அதே மாதிரி செஞ்சு ஒட்டிரும்."

"இது யாரு கம்பெனி?"

"கம்பெனியெல்லாம் இல்ல. ஊர்ப் பொதுக் கெணறு மாதிரி. யார் வேணா எறங்கலாம், தூரு வாரலாம். புரோகிராம் கோடு பூரா தொறந்து கெடக்கும். அண்ணன் இதுக்குத் தமிழ் போட்டாரு, பாருங்க."

அந்த வெள்ளைப் பக்கத்தில் இருந்த சொற்கள் எல்லாம் பரணியின் பேச்சாகவே இருந்தன. மற்றவர்கள் 'மீண்டும் முயற்சி செய்க' என்று எழுதும் இடத்தில் 'மறுபடி கூப்பிடு' என்று போட்டிருந்தான். சுற்றும் வட்டத்துக்குக் கீழே 'கொஞ்சம் பொறு, சேர்த்துக்கிட்டு இருக்கேன்' என்றிருந்தது. சிவரஞ்சனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணனின் கோப்புகளுக்குள் தேடி முத்து ஒரு சிறு ஃபைலைக் கண்டுபிடித்தான். எந்தத் துண்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதற்கான வழிகாட்டி அது. அதற்குப் பரணி வைத்திருந்த பெயர், 'வூடு'.

அதை அந்த வெள்ளைப் பக்கத்துக்குள் இழுத்துப் போட்டதும் பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிமொழி, "அப்பா வர்றாரா சித்தப்பா?" என்று கேட்டாள். முத்து திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் தலையைத் தடவினான்.

பாதிக்கு மேல் கோடு நின்றுவிட்டது. 'காணவில்லை' என்று சிவப்பில் வந்தது. அதன்கீழே, 'சேர்க்கத் துண்டு போதவில்லை.'

"பணம் கட்டுற சர்வருலாம் கொஞ்ச நாள்தான் வெச்சிருக்கும் அண்ணி. பழசு உதிர்ந்து போயிருக்கு. உபரித் துண்டும் சேந்து போயிருச்சு." முத்து உதட்டைக் கடித்தான். "அதோட பூட்டு வேற போட்டிருக்காரு."

திரையில் ஒரு கட்டம் வந்திருந்தது.

பூட்டியிருக்கிறது. திறவுச்சொல்?

கல்யாண நாள், பிறந்த நாள், நிலத்தின் சர்வே எண் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தான். எதுவும் திறக்கவில்லை. கடைசியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "டீ போட்டுத் தரீங்களா அண்ணி, தலைய வலிக்குது" என்றான்.

சிவரஞ்சனிக்கு அது என்னவென்று முதலிலேயே தெரியும். பரணி வேறு எதையும் வைத்திருக்க மாட்டான்.

டீயை வைத்துவிட்டு, முத்து முகம் கழுவக் கொல்லைக்குப் போனபோது மேசை முன் நின்றாள். புஷ்பவல்லி சொன்னது நினைவுக்கு வந்தது. உச்சரிக்கத்தானே கூடாது என்றாள்? வாயைத் திறந்தால்தானே பெயர். விரலால் தட்டினால் யார் காதில் விழப் போகிறது?

உதடுகளை இறுக மூடிக்கொண்டு, குழந்தையின் காதுப் பெயரை டைப் செய்தாள்.

முதல் தடவை ஏற்கவில்லை. மறுபடி கூப்பிடு என்றது பக்கம். தட்டினாள். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை பூட்டு திறந்தது.

கொல்லையிலிருந்து வந்த அழுகல் வாடை சட்டென்று நின்றுபோனது. பிறகு, அறைக்கு உள்ளேயிருந்து வந்தது.

'துண்டு கிடைத்தது. சேர்க்கிறேன்' என்றது திரை.

*

அன்று சாயங்காலம் அவன் குரல் வந்தது.

முகம் இல்லை. சாம்பல் சதுரங்களாக ஒரு கலங்கல்தான் தெரிந்தது. ஆனால் குரல் அவனுடையது. "ரஞ்சனி, இங்க பாரு… கேமரா ஓடுது" என்றான். வெங்காய வயலில் எடுத்தது. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். சிவரஞ்சனி போனைக் காதில் வைத்துக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். அந்தப் பக்கத்தைப் போனிலேயே திறக்க முத்து வழிகாட்டிவிட்டுப் போயிருந்தான். சமைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரணி பார்த்த மாதிரியே.

இரண்டு நாளில் கிளம்ப வேண்டியவள் தள்ளிப்போட்டாள்.

வீடியோவில் ஒரு இடத்தில் அவன் சிரிக்கப் போவான். அங்கே ஒலி அறுந்து கரகரவென்று போய்விடும். அடுத்த நாள் காலை அந்த இடம் சரியாகியிருந்தது. சிரிப்பு வந்தது. கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு என்னவோ உறுத்தியது. இன்னொரு முறை கேட்டாள்.

பரணியின் சிரிப்பு கொஞ்சம் கனமாக, தொண்டையிலிருந்து வரும். இது கலகலவென்று இருந்தது.

வாசலில் புஷ்பவல்லி மணிமொழிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தாள். "என்னடி, கல்லு மாதிரி உக்காந்திருக்க? எப்பவும் தொட்டாலே சிரிப்ப." குழந்தை நெளிந்தது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

"வெயிலு ஒத்துக்கலயோ என்னமோ" என்றாள் புஷ்பவல்லி. "வெள்ளிக்கெழமை சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி அம்மா முன்னால நிப்பாட்டு."

அன்றைக்குச் செவ்வாய். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும்.

மதியம் வீடியோவில் முகம் தெளிந்தது. நெற்றி, மூக்கு, மீசை. கன்னத்தில் மட்டும் ஒரு சதுரம் மறைத்தபடி இருந்தது. சிவரஞ்சனி அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சதுரம் கரைந்தது. சிரித்தான். இடது கன்னத்தில் குழி விழுந்தது.

சிவரஞ்சனி போனைக் கீழே வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பினாள்.

"கண்ணு, அம்மாவப் பாத்துச் சிரி."

மணிமொழி உதடுகளை விரித்தாள்.

கன்னம் வழவழவென்று இருந்தது.

*

"நெட்டுலேருந்து வரல அண்ணி."

முத்து மறுநாள் காலையிலிருந்து திரைமுன் உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. "சர்வருல கேட்டா, அப்படி ஒரு துண்டே இல்லன்னுதான் சொல்லுது. கேபிளப் புடுங்கிட்டுப் பாத்தேன். அப்பவும் வருது."

"எங்கேருந்து?"

"வூட்டுக்குள்ளேருந்து."

சிவரஞ்சனி மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தாள். மின்விசிறி மட்டும் சுற்றியது.

"இதுல ஒளிச்சு வெக்க ஒண்ணுமே இல்ல அண்ணி. தொறந்து கெடக்குற புரோகிராம். உலகத்துல எவ்வளவு பேரு படிச்சுப் பாத்தது. நானும் இப்ப வரி வரியாப் படிச்சுட்டேன். இப்படி ஒரு வேலையச் செய்யுற வரி எங்கயும் இல்ல."

"அப்ப யாரு செய்யுறா?"

அண்ணனின் காலி நாற்காலியை முத்து பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அன்னைக்கி அண்ணன வெள்ளத் துணியில சுத்தித்தான கொண்டாந்தோம். தொறக்கவேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

"ஆமா."

"லாரி இழுத்துட்டுப் போன தூரம் ரொம்ப. அரியலூர் ரோட்டுல விடியுற வரைக்கும் டார்ச்ச வெச்சிக்கிட்டுத் தேடினோம். எல்லாத்தையும் எடுக்க முடியல அண்ணி. எடது கை கெடைக்கவே இல்ல."

சிவரஞ்சனிக்குத் திரையில் வந்த சிவப்பு எழுத்துகள் நினைவுக்கு வந்தன.

காணவில்லை. சேர்க்கத் துண்டு போதவில்லை.

"தம்பி, நான் காதுப் பேரப் போட்டேன்" என்றாள். "வாயால சொல்லல. டைப்புதான் பண்ணினேன். மூணு தடவ."

முத்து கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டான். அவனும் அந்த வீட்டுப் பிள்ளை. அவனுக்கும் ஒரு காதுப் பெயர் இருந்தது.

அப்போது கூடத்தில் டம்ளர் விழும் சத்தம் கேட்டது. ஓடினார்கள். மணிமொழி சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் டம்ளர் உருண்டு கிடந்தது. அவள் அழவில்லை. தன் இடது கையை வலது கையால் தூக்கி, மடியில் போட்டுக்கொண்டு, யாருடையதோ மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவரஞ்சனி அந்தக் கையைப் பற்றினாள். ஈர மண்ணைத் தொட்ட மாதிரி குளிர்ந்திருந்தது.

"நிறுத்துங்க தம்பி. அத நிறுத்துங்க."

"நிறுத்தினா அண்ணன்…"

"எனக்கு அவரு வேணாம்."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே நெஞ்சு பிளந்தது. திரையில் அவன் பாதிச் சிரிப்பில் அவளையே பார்த்தபடி நின்றிருந்தான். முத்து நிறுத்து பொத்தானை அழுத்தினான். கோடு நிற்கவில்லை. அழித்துப் பார்த்தான். பெயர் மறைந்து, அதே இடத்தில் திரும்ப வந்தது. வட்டத்தின் கீழே பரணி போடாத ஒரு வரி இருந்தது.

இன்னும் கொஞ்சம்தான்.

சிவரஞ்சனி குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

எல்லாம் அணைந்தது. வெயில் மட்டும் ஜன்னல் வழியே மேசைமேல் விழுந்து கிடந்தது. மணிமொழி வாசற்படியில் வந்து நின்று அறையைப் பார்த்தாள். சிவரஞ்சனி கூப்பிட்டாள்; குழந்தை திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். மணிமொழி என்பது யாருடைய பெயர் என்று யோசிப்பது போல அவள் நின்றாள்.

*

அப்போதே கிளம்பிவிட்டார்கள். முத்து அவர்களைப் பெரம்பலூரில் கொண்டுவந்து ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, திரும்பிப்போய்ப் பெட்டியை லேபுக்குக் கொண்டுபோய், உள்ளிருக்கும் டிஸ்கை உடைத்துப் போடுகிறேன் என்றான். "ஒண்ணும் ஆவாது அண்ணி. மீன்சுருட்டி போனதும் டாக்டர்கிட்டக் காட்டுங்க." சொல்லும்போது அவன் குழந்தையைப் பார்க்கவில்லை.

பஸ் ஊரைத் தாண்டியது. மக்காச்சோளக் காடுகள் காய்ந்து கிடந்தன. எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் பஸ் குலுங்கியது. மணிமொழி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். காற்று அவள் முகத்தில் அடித்தது. இமைகூட அசையவில்லை.

"தண்ணி குடிக்கிறியா கண்ணு?"

பாட்டிலை அவள் உதட்டில் வைத்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்தது.

"பசிக்குதா?"

குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு எடை குறைந்துபோனது மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத துணிப்பொம்மையை அணைப்பது போல.

போன் அடித்தது. புஷ்பவல்லி.

"ரஞ்சனி, எங்க இருக்க?"

"பஸ்ஸுல போயிட்டிருக்கேங்க்கா. சொல்லாம வந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"அது கெடக்கட்டும். புள்ளைய ஏன் வூட்டுல விட்டுட்டுப் போன?"

சிவரஞ்சனி தோளில் கிடந்த தலையை இறுக்கிப் பிடித்தாள்.

"வெளிய பூட்டு தொங்குது, உள்ள சிரிக்கிற சத்தம் கேக்குது. மணிமொழின்னு கூப்புட்டேன். 'என்ன பெரியம்மா'ங்குது. கதவத் தொறடின்னா, 'அப்பா வுட மாட்டேங்குறாரு'ங்குது." புஷ்பவல்லியின் குரல் உடைந்தது. "என்ன புள்ள இப்படிப் பேசுது? அப்பன நெனச்சு ஏங்கிப் போச்சா? சாவி எங்கிட்டதான் இருக்கு. தொறக்கட்டுமா?"

போனுக்குப் பின்னால், தூரத்தில், அந்தச் சிரிப்பு கேட்டது. கலகலவென்று. சிவரஞ்சனி நன்கு அறிந்த சிரிப்பு.

தோளில் சாய்ந்திருந்த முகத்தைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. அவற்றில் எவரும் இல்லை.

"தொறக்காதீங்க்கா" என்றாள். "நான் வரேன்."

*

திரும்பி வரும்போது மறுநாள் உச்சிப் பொழுதாகிவிட்டது. வழியிலேயே இருட்டிப்போய், திரும்பும் பஸ் கிடைக்காமல், அரியலூரில் தெரிந்தவர்கள் வீட்டில் குழந்தையைக் கிடத்திவிட்டு விடியும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள் சிவரஞ்சனி. நிமிடத்துக்கு நிமிடம் அது மெலிந்துகொண்டே வந்தது. முத்து போனை எடுக்கவே இல்லை.

புஷ்பவல்லி வேலியருகே நின்றிருந்தாள். சிவரஞ்சனியின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"அப்ப உள்ள இருக்குறது யாருடி?"

சிவரஞ்சனி சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அழுகிய வெங்காய வாடை சுவர்களில் ஊறியிருந்தது. மணிமொழி இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். நேற்றிலிருந்து தானாக ஓரடி எடுத்து வைக்காதவள், தாயின் கையை உதறிவிட்டு நேராக அந்த அறைக்குள் ஓடினாள்.

பெட்டி அங்கேயேதான் இருந்தது. எடுத்துப்போக வந்த முத்துவைக் காணவில்லை. அவனுடைய பைக் சாவி மட்டும் மேசைமேல் கிடந்தது.

மணிமொழி பரணியின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

நாற்காலியில் அல்ல.

அதற்கு ஒரு சாண் மேலே, ஒருவருடைய மடி இருக்க வேண்டிய உயரத்தில், கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய இடது கை மெல்ல உயர்ந்தது. யாரோ அதைத் தன் கைக்குள் வைத்துக் கோத்துக்கொண்ட மாதிரி விரல்கள் விரிந்து மடங்கின.

"அம்மா" என்றாள். குரல் திரும்பியிருந்தது. சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது.

சிவரஞ்சனி பாய்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நிலைப்படியைத் தாண்டியதும் கைக்குள் இருந்த உடல் தொய்ந்தது. கன்னத்தில் குழி மூடிக்கொண்டது, தண்ணீருக்குள் கல் விழுந்த இடம் மூடிக்கொள்வது போல. மறுபடி உள்ளே வந்தாள். குழந்தை மூச்சு இழுத்து, "ஏம்மா ஓடுற?" என்று கேட்டாள். இன்னொரு முறை வெளியே போனாள். இன்னொரு முறை உள்ளே வந்தாள்.

பிறகு அவள் ஓடவில்லை.

அறைக்குத் திரும்பி, மகளை அவள் விரும்பிய இடத்திலேயே உட்கார வைத்தாள். கைகள் விட்ட பிறகும் குழந்தை கீழே விழவில்லை. சிவரஞ்சனி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெருவில் புஷ்பவல்லி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் வெகு தூரத்தில் கேட்டது. இனி மீன்சுருட்டி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. இந்த வாடையும் இந்த அறையும்தான்.

பிளக் அவள் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. அதன்மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

திரையில் வெளிச்சம் வந்தது.

'வூடு' என்ற பெயருக்கு எதிரே பச்சைக் கோடு முடிவை எட்டாமல் நின்றிருந்தது. இன்னும் ஒரே ஒரு துண்டு காணவில்லை. அதற்குக் கீழே கட்டம்.

பூட்டியிருக்கிறது. திறவுச்சொல்?

சிவரஞ்சனி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். அவள் சொல்லப் போவதில்லை. டைப் செய்யவும் போவதில்லை. இனி அந்தத் தவறைச் செய்ய மாட்டாள்.

"அம்மா" என்றாள் மணிமொழி, காற்றில் சாய்ந்துகொண்டு. "அப்பா அன்னிக்கி ஒன் காதுல என்ன சொன்னாரு?"

சிவரஞ்சனியின் காதோரம் மூச்சு பட்டு முடி அசைந்தது. வெதுவெதுப்பாக, வெங்காய வாடையோடு.

கீபோர்டின் இடது பக்கத்து எழுத்துகள் மட்டும், ஓர் இடது கை தட்டுவது போல, ஒவ்வொன்றாக, அமுங்கத் தொடங்கின.